அறை வெப்பம்னா எந்த ஊர் அறை?

டெல்லி லேப்ல பல வருஷமா எலைசா தட்டோட மல்லுக்கட்டறேன். கிட் தாள்ல "அறை வெப்பநிலை"ன்னு போட்டா பெரும்பாலும் 18-25 டிகிரி. மே மாசம் கரண்ட் போன அறை, ஜனவரியில நடுங்குற அறை... ரெண்டுமே அறைதானாம்!

ஆன்டிபாடி ஒட்டுறதும் நொதி நிறம் காட்டுறதும் சூட்டோட மாறும். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த தட்டுகளை அப்படியே 37 டிகிரி இன்குபேட்டர்ல அடுக்கினா, ஓரக்குழி முதல்ல சூடாகும், நடுக்குழி பின்தங்கும். ஒரே சீரம், குழிக்கு ஒரு எண்.

டெங்கு சீசன்ல "கூட்டம் ஜாஸ்தி, அரைமணி போதும்"னு ஒரு மணி நேரத்தை வெட்டறாங்க பாருங்க, அது சாமர்த்தியம் இல்லீங்க, பித்தலாட்டம். "கன்ட்ரோல் பாஸாயிடுச்சே"ம்பாங்க. பாசிட்டிவ் கன்ட்ரோல் பெரும்பாலும் ஓங்கின பாசிட்டிவ், அரைவேக்காட்டுலயும் பாஸாகும். கட்-ஆஃப் விளிம்புல நிக்கிற பக்கத்து வீட்டுப் புள்ளைக்குத்தான் "நெகட்டிவ்"னு தாள் போகும்.