சைக்கிள்காரனுக்குத் தற்காப்பு எது?

சுங்கை வே வட்டாரத்தில் சைக்கிளேறி வேலைக்குப் போய்வரும் தொழிலாளியின் உயிரைப் பற்றி நாம் எழுத முற்பட்டால், "இதுவும் ஒரு பெரிய விஷயமா?" என்று நம் கனவான்களில் சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் மோட்டார் காரை விட்டுத் தெருவில் இறங்கி நடந்தறியாதவராகவே இருப்பார். உயிருக்குப் பெரிய உயிர், சின்ன உயிர் என்ற பேதம் இல்லையென்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் சாலையில் மட்டும், சக்கரம் எத்தனை என்பதைக் கொண்டே உயிரின் மதிப்பை அளக்கிறோம்.

சுங்கை வே எத்தகைய இடமென்பதை முதலில் நினைவூட்டுகிறோம். 1970களின் தொடக்கத்தில் இங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தது. சுற்றிலுமிருந்த பால்மரத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாக மாறியபோது, லயத்தில் பிறந்த நம் ஆண்களும் பெண்களும் தொழிற்சாலை வாயிலுக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்கு வாய்த்த முதல் வாகனம் சைக்கிள்தான். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் எத்தனையோ குடும்பங்கள் அந்த இரண்டு சக்கரத்தின் மேல்தான் கரையேறின. இன்று நம்மவரிற் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மாறிவிட்டார்கள். அந்தச் சைக்கிளில் இன்று நேப்பாளத்தவரும் வங்காள தேசத்தவரும் மிகுதியாக அமர்ந்திருக்கிறார்கள். நேற்று நாம் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவே வித்தியாசம். "ஓரம் போடா!" என்று அவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்கும் தமிழன், தன் தகப்பனைப் பார்த்தே அதைச் சொல்கிறான் என்பதை உணர்வானாக.

இந்த வட்டாரத்தில் சைக்கிளில் போகிறவனுக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, கூட்டரசு நெடுஞ்சாலையிலும் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையிலும் பறந்து வரும் வாகனம். மற்றொன்று, இருண்ட சுரங்கப் பாதையில் காத்திருக்கும் வழிப்பறிக்காரன். இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவுக்குமேல் வெளிவருகிறவன் இவ்விரண்டையும் ஒரே பிரயாணத்தில் சந்திக்கிறான். இவனுக்கு நம் சமூகம் சொல்லும் தற்காப்பு என்ன?

முதலாவது, தலைவிதி. சைக்கிள் வாங்கிய அன்றே எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குகிறோம். ஹாண்டில்பாரில் மந்திரித்த கயிற்றைக் கட்டுகிறோம். ஆனால் பின்பக்கத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு வாங்கினோமா? கயிறு கட்டிய சைக்கிளை லாரிக்காரன் இருட்டில் எப்படிக் காண்பான்? அடிபட்டு விழுந்தால், "அவன் நேரம் முடிந்தது" என்கிறோம். நேரம் முடிந்ததா, அல்லது தெரு விளக்கு எரியவில்லையா என்று கேட்பாரில்லை. விதியின்மேல் பழியைப் போட்டுவிட்டால், விளக்கைப் போடவேண்டியவன் தப்பித்துக்கொள்கிறான். விதியினால் இலாபமடைகிறவன் அவன் ஒருவனே.

இரண்டாவது, ஆயுதம். "ஆண்பிள்ளை என்றால் ஒரு கத்தியாவது வைத்துக்கொள்ள வேண்டாமா?" என்று இளைஞர்களை உசுப்புகிறவர்கள் உண்டு. சீட்டுக்கு அடியில் பாராங் செருகிப் போவதை வீரமென்று நினைப்பவரும் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது? தண்டனைச் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள், தன் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை ஒவ்வொரு மனிதனுக்கும் அளிக்கின்றன. இந்தியாவில் 1860இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பின்பற்றி வந்தவை இவை. ஆனால் 99ஆம் பிரிவு அதற்கு எல்லையும் கட்டுகிறது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை. காப்புக்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. அன்றியும், தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அபாயகரமான ஆயுதம் வைத்திருப்பதே 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். கத்தியோடு புறப்படுகிறவன் திருடனைச் சந்திக்காவிட்டாலும் சிறையைச் சந்திக்கக்கூடும். சந்தித்தாலோ, இருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளுக்கு எதிரே ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து நிற்பவனின் கத்தி யார் கைக்குப் போகுமென்று சொல்லவேண்டியதில்லை. சிலம்பம் நம் முன்னோர் கலைதான். பயிலுங்கள், உடலுக்கு நல்லது. ஆனால் எந்தச் சிலம்பமும் லாரியை நிறுத்தாது.

மூன்றாவது, அடிபட்டவனையே குற்றவாளியாக்குவது. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை, ஜொகூர் பாருவில் சைக்கிளோட்டிய சிறுவர் எட்டுப் பேர் கார் மோதி மாண்டனர். அந்த வழக்கு ஆறாண்டு நடந்தது. கார் ஓட்டியவர் கீழ்க்கோர்ட்டில் விடுதலையாகி, 2022இல் உயர்நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபடியும் விடுதலையானார். அந்தத் தீர்ப்பைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. பிரேக்கைக் கழற்றிவிட்டு நெடுஞ்சாலையில் பாய்வதை வீரமென்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். ஆனால் அன்றுமுதல் சைக்கிள் என்றாலே காலித்தனம் என்ற எண்ணம் பரவியதே, அதைத்தான் கண்டிக்கிறோம். வயிற்றுப்பாட்டுக்காக மிதிக்கிறவனும் விளையாட்டுக்காகப் பாய்கிறவனும் ஒன்றாவார்களா?

நிற்க. மெய்யான தற்காப்பு எதுவென்பதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. சுங்கை வேயின் வாசலிலேயே சான்று இருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையோரம் 1970களில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் போடப்பட்டது. உலகத்தில் அத்தகைய தடங்களுள் முன்னோடியானவற்றில் அதுவும் ஒன்று. அங்கே விபத்துகள் குறைந்தன என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கனத்த வாகனத்தையும் இலேசான வாகனத்தையும் பிரித்துவிட்டால் உயிர் பிழைக்கும் என்பது இதனால் நிரூபணமாகிறது. 2016ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் மாண்டார்கள். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உயிர் காக்கும் வழி தெரிந்திருந்தும் அதை எங்கும் விரிக்காமலிருப்பது அறியாமையல்ல, அலட்சியம்.

போட்ட தடத்தையாவது சரியாக வைத்திருக்கிறார்களா? சைக்கிள்காரனும் அதிலேதான் ஒண்டிப் போகிறான். அதன் சுரங்கப் பாதைகளில் வழிப்பறி நடப்பதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியாயிற்று. கோலாலம்பூரில் 2015இல் மெர்டேக்கா சதுக்கத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாக மிட்வேலி வரை சைக்கிள் பாதை திறந்தார்கள், நல்லது. 2018இல் உலக நகர மாநாட்டையொட்டி நகரத் தெருக்களில் நீலச் சாயம் பூசிச் சைக்கிள் தடமென்றார்கள். அதன்மேல் கார்கள் நின்றன. மாநாட்டுக்கு வருகிற விருந்தாளிக்குச் சாயம். ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளிக்கு இருட்டு. இதுதானா நகர நிர்வாகம்?

"சர்க்கார் தானாகச் செய்யும்" என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஹாலந்து தேசம் சைக்கிளுக்குச் சொர்க்கமென்று இன்று புகழப்படுகிறது. 1971இல் அத்தேசத்துச் சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். அதன்பின் தாய்மாரும் தகப்பன்மாரும் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கண்டு தெருவில் இறங்கினார்கள். பாதைகள் வந்தன. அவை தெய்வம் கொடுத்த வரமல்ல. கேட்டு வாங்கிய உரிமை.

அது வெள்ளைக்காரன் தேசமென்று சொல்வீர்களானால், நம் முன்னோர் பலர் கப்பலேறிய சீமையையே பாருங்கள். புதுக்கோட்டை ஜில்லாவில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஆதரவோடு, கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. விவசாயக் கூலிகளும் கல்லுடைப்பவர்களும் மிதித்தார்கள். தெருவில் ஏளனப் பேச்சுக் கேட்டார்கள், இறங்கவில்லை. 1992 மகளிர் தினத்தில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் ஒன்றாய்ச் சைக்கிளில் அணிவகுத்தார்கள். ஒருத்தியாகப் போனால் கேலி செய்த வாய், ஆயிரம் பேராகப் போனபோது அடங்கிற்று. அவர்கள் கையில் கத்தி இருந்ததா? இல்லை. கூட்டம் இருந்தது. தற்காப்பு என்பதன் முழு இலக்கணமும் அந்த ஊர்வலத்தில் இருக்கிறது.

ஆகவே சுங்கை வேத் தொழிலாளிகளுக்கு நாம் சொல்வது இதுதான். முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இல்லாமல் இரவில் ஏறாதீர்கள். ஷிப்டு முடிந்தால் மூவர் நால்வராகச் சேர்ந்து புறப்படுங்கள். பையின் வாரை உடம்பிலோ ஹாண்டில்பாரிலோ சுற்றாதீர்கள். பறிப்பவன் இழுத்தால் பையோடு நீங்களும் தாருக்கு வருவீர்கள். கூட்டமாய் வந்து மறித்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு உயிரை வைத்துக்கொள்ளுங்கள். இழந்த வெள்ளியைச் சம்பாதிக்கலாம். பிறகு தவறாமல் போலீசில் புகார் எழுதுங்கள். எழுதப்படாத கொள்ளை, அதிகாரி கணக்கில் நடக்காத கொள்ளை. போலீஸ் என்றால் பெர்மிட்டை நினைத்து நடுங்கும் அயல்நாட்டுத் தோழனுக்குத் துணையாக நீங்களும் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

இவை ஒவ்வொருவரும் செய்யவேண்டியவை. இவற்றோடு நின்றுவிட்டால் பொறுப்பு முழுவதும் மிதிக்கிறவன் தலையிலேயே விழும். சங்கங்கள் செய்யவேண்டியது இன்னொன்று உண்டு. பெட்டாலிங் ஜெயா மாநகராட்சியின் உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தெரிந்தெடுப்பதில்லை. நகராண்மைத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பவில்லை. ஓட்டில்லாத இடத்தில் குரல் இரட்டிப்பாக வேண்டும். சுரங்கப் பாதைதோறும் அணையாத விளக்கு, சக்கரம் சிக்காத சாக்கடை மூடி, தொழிற்சாலை வாயில்வரை முறியாத பாதை: இம்மூன்றையும் கேட்டுத் தொழிற்சங்கமும் வாலிபர் சங்கமும் கோயில் கமிட்டியும் ஒரே மனுவில் கையெழுத்திடட்டும். முதலாளிமாரையும் கேளுங்கள், அவர்கள் இயந்திரம் இரவிலும் ஓடுவதற்காகத்தானே இவன் இருட்டில் வருகிறான்!

திருவிழாவுக்குப் பத்து நாள் ஆயிரம் விளக்குத் தோரணம் கட்ட நம்மிடம் பணமும் ஆளும் இருக்கின்றன. வருஷம் முழுதும் ஒரு சுரங்கப் பாதையில் ஒரு விளக்கு எரியச் செய்ய மட்டும் நமக்குச் சக்தியில்லையா? சக்தி இருக்கிறது, எண்ணந்தான் இல்லை. அந்த எண்ணம் பிறக்கும்வரை, சாலையில் விழும் ஒவ்வொரு சைக்கிள்காரன் சாவிலும் லாரிக்கும் திருடனுக்கும் அடுத்தபடியாக நமக்கும் பங்குண்டு.