காயத்தைக் கேட்கும் படிவம்

கலிபோர்னியாவின் சாண்டா மரியா வட்டாரத்தில் ஸ்ட்ராபெரி பறிக்கும் கூலிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச தூரத்தில் இருக்கிற சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் சிக்கானா, சிக்கானோ ஆய்வுகளில் முனைவர் பட்டம் படிக்க விண்ணப்பிக்கிறாள். என்னென்ன கேட்பார்கள்? மதிப்பெண் பட்டியல். பேராசிரியர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதங்கள். அவள் எழுதிய கட்டுரை ஒன்று. எதை ஆராயப் போகிறாய், ஏன் என்று ஒரு நோக்கக் கட்டுரை. நூறு டாலருக்கு மேல் கட்டணம். இல்லாதப்பட்டவள் என்று காட்டினால் விலக்குக் கேட்கலாம். இதெல்லாம் எங்கேயும் கேட்பதுதான். கூடவே இன்னொரு தாள் இருக்கிறது. நீ எங்கிருந்து வந்தாய், என்ன தடைகளைத் தாண்டினாய், உன் கதையைச் சொல் என்கிற தன்வரலாற்றுக் கட்டுரை.

இந்தக் கடைசித் தாளைப் பற்றித்தான் நமக்குப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அந்தத் துறை எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். சும்மா வரவில்லை.

1846இல் அமெரிக்கா மெக்சிகோ மீது போர் தொடுத்தது. 1848இல் குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம். டெக்சாசையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மெக்சிகோவின் பாதி நிலம் போயிற்று. அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் வீட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. சொந்த ஊரிலேயே அந்நியர்களானார்கள். பிறகு வயலுக்கும் ரயில் பாதைக்கும் சுரங்கத்துக்கும் கூலியாக வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். ‘சிக்கானோ’ என்பது வசதிப்பட்டவர்கள் இந்த ஏழைகளை இளக்காரமாகச் சொன்ன சொல். 1960களில் இளைஞர்கள் அந்தச் சொல்லையே எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். ஆமாம்டா, நாங்க சிக்கானோதான், இப்ப என்ன? அது ஆண்பால் சொல். எங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பெண்கள் இயக்கத்துக்குள்ளேயே கேட்டார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ‘சிக்கானா’ முன்னால் வந்தது. 1972இல் தொடங்கிய சிக்கானோ ஆய்வுகளுக்கான தேசியச் சங்கம் தன் பெயரில் சிக்கானாவைச் சேர்த்துக்கொண்டது 1995இல்தான்.

1968 மார்ச். கிழக்கு லாஸ் ஏஞ்சல்சில் கார்பீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன், பெல்மாண்ட், வில்சன் பள்ளிகளின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை. பாடப் புத்தகத்தில் அவர்களுடைய சனங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கல்லூரிப் பக்கம் அனுப்பாமல் கைத்தொழில் பட்டறைக்குத் தள்ளிவிடுவார்கள். எங்கள் வரலாற்றைக் கற்றுக்கொடு, எங்கள் ஆட்களை ஆசிரியர்களாகப் போடு என்று கேட்டதற்கு என்ன கிடைத்தது? போலீஸ் தடி. சால் காஸ்ட்ரோ என்ற ஆசிரியரையும் சேர்த்துப் 13 பேர் மீது சதி வழக்கு. 1970இல் அந்த வழக்கு தள்ளுபடியானது.

ஓராண்டு கழித்து, 1969 ஏப்ரலில், மாணவர்களும் ஆசிரியர்களும் இயக்கத்தாரும் சாண்டா பார்பரா வளாகத்தில் கூடினார்கள். பல்கலைக்கழகத்துக்குள் சிக்கானோ ஆய்வுத்துறை எப்படி இருக்க வேண்டும், யார் பாடம் நடத்த வேண்டும், துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று திட்டம் தீட்டினார்கள். அதுதான் ‘சாண்டா பார்பரா திட்டம்’. சமூகத்துக்குப் பதில் சொல்லாத அறிவு எங்களுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். லாஸ் ஏஞ்சல்சின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் 1993இல் சிக்கானோ ஆய்வுக்குத் தனித்துறை தர முடியாது என்றது நிர்வாகம். மாணவர்களும் ஒரு பேராசிரியரும் 14 நாள் பட்டினி கிடந்தார்கள். துறை என்ற பெயர் அப்போது கிடைக்கவில்லை. தனி மையம் ஒன்று கிடைத்தது. அது பின்னாளில் துறையானது.

சாண்டா பார்பராவில் முனைவர் படிப்புக்கு முதல் மாணவர்கள் சேர்ந்தது 2005இல். இந்தத் துறையில் அந்த நாட்டிலேயே அதுதான் முதல். திட்டம் தீட்டியதற்கும் முதல் விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்கும் நடுவே 36 வருசம். அந்த 36 வருசத்துக்குள் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ரொடால்ஃபோ அக்குன்யா. 1969இல் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்குக் கல்லூரியில் சிக்கானோ ஆய்வுத்துறையைக் கட்டி எழுப்பியவர். 1972இல் ‘ஆக்கிரமிக்கப்பட்ட அமெரிக்கா’ என்ற வரலாற்று நூலை எழுதியவர். சிக்கானோ வரலாறு படிக்கிற எவரும் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் போக முடியாது. அவர் 1990களின் தொடக்கத்தில் இதே சாண்டா பார்பராவில் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். நிராகரித்தார்கள். ஆய்வுத் தரம் போதாதாம்! அவர் நீதிமன்றம் போனார். வயதைக் காட்டிப் பாகுபாடு செய்தார்கள் என்று 1995இல் ஜூரி அவர் பக்கம் சொல்லி 3,26,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. பணம் வந்தது, வேலை வரவில்லை. ஒரு துறையையே உண்டாக்கியவருக்கு அந்தத் துறைக்குள் நுழையத் தகுதி இல்லை என்று சொல்ல ஒரு குழுவால் முடிகிறது. இதை மறந்துவிட்டு யாரும் படிவத்தை நிரப்பக் கூடாது.

இன்னொருவர் க்ளோரியா அன்சால்டுவா. டெக்சாசின் தென்கோடியில் பண்ணைக் கூலி செய்த குடும்பம். 1970களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பில் சேர்ந்தார். சிக்கானோ இலக்கியத்தை ஆய்வுக்குரிய பொருளாக ஏற்க அங்கே இடமில்லை, முடிக்காமல் வெளியேறினார். ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் கலந்து, கவிதையையும் வரலாற்றையும் கலந்து, 1987இல் ‘எல்லை நிலங்கள்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக வைத்தன. அதை வைத்து ஆய்வேடு எழுதிப் பலர் டாக்டர் ஆனார்கள். எழுதியவர் பட்டமில்லாமல் கிடந்தார். பிறகு சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் முனைவர் படிப்பில் சேர்ந்தார். 2004 மே மாதம் சர்க்கரை நோயால் செத்துப்போனார். 2005இல் பட்டம் கொடுத்தார்கள். செத்தவருக்கு.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம்.

கலிபோர்னியாவில் 1996இல் 209ஆம் முன்மொழிவு என்று வாக்கெடுப்பு நடத்தி, அரசுக் கல்லூரிகளில் இனத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். 2023 சூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அந்தக் கதவைச் சாத்தியது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் கட்டுரையில் எழுதலாம். அதிலிருந்து அந்தத் தனிமனிதரின் துணிவையோ திறமையையோ பல்கலைக்கழகம் மதிப்பிடலாம்.

என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். சனங்களுக்கு இழைத்த அநீதிக்குக் கணக்குப் பார்க்க மாட்டோம். அந்த அநீதியிலிருந்து நீ ஒருத்தி எப்படித் தப்பித்து வந்தாய் என்று உருக்கமாக எழுதினால் படித்துப் பார்ப்போம். 1848 கிடையாது, 1968 கிடையாது. அப்பனின் வெடித்த கையும் அம்மாவின் பூச்சிமருந்து இருமலும் மட்டும் வேண்டும். வரலாறாக இருந்ததைச் சொந்தச் சோகமாக மாற்று, சோகத்தைச் சாதனையாக மாற்று, சாதனையை இரண்டு பக்கத்துக்குள் அடக்கு. எந்தத் துறை ‘நாங்கள்’ என்று சொல்லப் பிறந்ததோ, அதன் வாசலில் ‘நான், நான்’ என்று நூறு தடவை எழுத வைக்கிறார்கள்.

அந்தத் தாளை நிரப்பாதே என்று சொல்ல வரவில்லை. வீறாப்புக்காக விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டால் நட்டம் யாருக்கு? அந்த இடத்தில் வசதிப்பட்ட வீட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்து, வயல்காட்டுக் கூலிகளைப் பற்றி ஆய்வேடு எழுதிவிட்டுப் போகும். நிரப்ப வேண்டும். எப்படி நிரப்புவது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

காயத்தைக் காட்டிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. காயத்திலிருந்து எழும் கேள்வியை வைக்க வேண்டும். அப்பா வயலில் கஷ்டப்பட்டார் என்பது தகவல். வயலில் தெளிக்கும் மருந்தைப் பற்றி யார் முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவு எந்த ஆவணத்தில் இருக்கிறது, எதிர்த்துப் பேசிய பெண்களின் பெயர் ஏன் அதில் இல்லை என்பது ஆய்வு. முதலாவதைப் படித்தால் தேர்வுக் குழு ‘அய்யோ பாவம்’ என்னும். இரண்டாவதைப் படித்தால் பதில் சொல்ல வேண்டிவரும். நோக்கக் கட்டுரையில் இந்தக் கேள்வி முதல் பத்தியிலேயே நிற்க வேண்டும். இதுவரை யார் என்ன எழுதினார்கள், அதில் எதை ஏற்கவில்லை, யாருடைய வாய்மொழியைப் பதிவு செய்யப் போகிறாய், எந்த நெறியாளரோடு ஏன் வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் பின்னால் வர வேண்டும். துறையில் இருப்பவர்களின் புத்தகங்களைப் படிக்காமல் அவர்கள் பெயரை மட்டும் எழுதினால் அங்கே தெரிந்துவிடும். தன்வரலாற்றுத் தாளிலும் ‘நான்’ தனியாக நிற்க வேண்டியதில்லை. தெருவையும் சங்கத்தையும் பாட்டியையும் கூட்டி வந்து நிறுத்தலாம். தாள் அவர்களுடையது, இலக்கணம் நம்முடையதாக இருக்கட்டும்.

பரிந்துரைக் கடிதம் இன்னொரு கூத்து. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. ஏற்கெனவே உள்ளவன் கையெழுத்துப் போட்டால்தான் இல்லாதவனுக்குக் கடன். ஜாமீன்தாரர் இல்லாத குடும்பம் எத்தனை நாணயமாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். இங்கேயும் அதே கதை. பத்து வருசம் சங்கத்தில் கூட வேலை பார்த்தவரின் சாட்சி துணைக்குத்தான். பேராசிரியரின் கடிதம்தான் செல்லுபடி. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு, பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டிப் பழகிவைக்க வேண்டும் என்பதே தெரியாது. ஏற்கெனவே உள்ளே போனவர்களுக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். கெடு முடிவதற்கு ரெண்டு மாசம் முன்னாடியே பிள்ளைகளைத் தேடிப் போய்க் கேளுங்கள். அவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுங்கள். ஏணியில் ஏறிய பிறகு அதை மேலே இழுத்துக்கொள்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இடம் கிடைத்தால் எல்லாம் முடிந்ததா? 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். யார் அவர்கள்? பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். வகுப்பெடுக்கிறவர்கள், விடைத்தாள் திருத்துகிறவர்கள், ஆய்வகத்தில் உழைக்கிறவர்கள். கொடுக்கிற சம்பளம் வீட்டு வாடகைக்கே பத்தவில்லை. ஏறக்குறைய ஆறு வாரம் நின்று கூலியைக் கூட்ட வைத்தார்கள். எனவே இடம் தருகிறோம் என்று கடிதம் வந்ததும் சந்தோசத்தில் கையெழுத்துப் போட்டுவிடாமல், எத்தனை வருசத்துக்குப் பணம், கோடை மாதங்களுக்கு உண்டா, மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் தப்பா நெனைப்பாங்களோ என்ற கூச்சம் கூலிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட கூச்சம்.

இவ்வளவு பாடுபட்டு இந்தப் பட்டம் எதற்கு என்று இயக்கத் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரிசோனாவின் டூசான் நகரைப் பார்க்கச் சொல்வோம். அங்கே பள்ளிகளில் மெக்சிக-அமெரிக்க வரலாறும் இலக்கியமும் பாடமாக இருந்தன. 2010இல் அதைக் குறிவைத்து மாநில அரசு சட்டம் போட்டது. 2012 தொடக்கத்தில் வகுப்புகளை மூடினார்கள். அக்குன்யாவின் புத்தகத்தையும் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் புத்தகத்தையும் பெட்டியில் கட்டி எடுத்துப் போனார்கள். மாணவர்கள் தெருவில் நின்றார்கள், நீதிமன்றத்திலும் நின்றார்கள். அந்த வகுப்புகளில் படித்த பிள்ளைகள் தேர்வில் தேறுவதும் பள்ளிப் படிப்பை முடிப்பதும் கூடியிருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கோடு காட்டினார்கள். இனத் துவேசத்தால் எடுத்த நடவடிக்கை என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தெருவில் கோசம் போட ஆளிருந்தது. கணக்கை எடுத்து மேசையில் வைக்கவும் ஆளிருந்தது. ரெண்டும் வேணும். ஆய்வேடு அந்த மேசைக்குப் போய்ச் சேரும் என்றால் பட்டத்துக்கு அர்த்தம் உண்டு. சட்டகம் போட்டுச் சுவரில் மாட்ட மட்டும்தான் என்றால் கிடையாது.

அந்த ஸ்ட்ராபெரி வயல்காரன் மகள் படிவத்தை நிரப்பட்டும். நிரப்பி முடித்ததும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யட்டும். எழுதியதை வீட்டில் தன் சனங்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டட்டும். எங்களை இதிலே பிச்சைக்காரங்களா காட்டியிருக்கியா, சாட்சிக்காரங்களா காட்டியிருக்கியா என்று அவர்கள் கேட்பார்கள். தேர்வுக் குழு பிறகு படிக்கட்டும். முதல் தீர்ப்பு அங்கிருந்து வர வேண்டும்.