விலையை மறைக்கும் மருத்துவமனைகள்

கீரை விற்கும் கிழவியும் விலை கூறிய பின்னரே கட்டைக் கையில் தருகின்றாள். மருத்துவமனையோ வயிற்றை அறுத்துத் தைத்த பின்னரே கூறுகின்றது! நடுவணரசு 2012இல் வகுத்த விதிகள், ஒவ்வொரு பணிக்குமுரிய கட்டணத்தை அவ்வட்டார மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணிற்படும் இடத்தில் எழுதிவைக்கப் பணிக்கின்றன. ஆயினும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களுக்கே அவை செல்லும். தமிழ்நாட்டிற்கு 1997ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. சட்டம் எதுவாயினும் நோயர்க்கு வேண்டுவது ஒன்றே.

நோய் ஆளுக்காள் வேறுபடும், முன்கூட்டிச் சொல்லவியலாது என்பர். மெய்தான், அறுவையில் எதிர்பாராதன நேரும். அறைக்கும் குருதியாய்வுக்கும் ஊடுகதிர்ப் படத்திற்குமா விலை தெரியாது? தாயைக் கிடத்திவிட்டுப் புரியாத ஆங்கிலத் தாளில் கையொப்பமிடும் உழவன், நிலத்தை விற்க வேண்டும் என்பதை வீடு திரும்பும் நாளிலா அறிவது? குறைந்த அளவு இது, மிகுந்த அளவு இது எனச் சேர்க்குமுன்பே தமிழில் எழுதித் தரட்டும்!