உலைக்குப் போகும் வைக்கோல் யாருடையது?

கொல்கத்தா: உருக்கு முதலாளிகளுக்குத் திடீரெனச் சுற்றுச்சூழல் மீது பரிவு பிறந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்ததற்கும் இப்பரிவுக்கும் தொடர்பில்லை என்று நம்புவோர் நம்பலாம். ஒரு டன் உருக்குக்கு இந்தியாவில் சுமார் 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. உலக சராசரி 2 டன்னுக்கும் குறைவு. இதைக் குறைக்க ஒன்றிய உருக்கு அமைச்சகம் 2024இல் வெளியிட்ட செயல்திட்டம் சொல்லும் வழிகளுள் உயிர்க்கரியும் ஒன்று.

வைக்கோல், மூங்கில், மரத்துண்டு முதலியவற்றைக் காற்றின்றி 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை வறுத்தோ, அதனினும் மிகுந்த வெப்பத்தில் கரித்தோ, பொடி நிலக்கரிக்குப் பதிலாக ஊதுலையில் செலுத்துவதே இம்முறை. கற்கரியை இது முழுவதும் அகற்றிவிடாது. தாதுவின் சுமையைத் தாங்கி, வாயு மேலேற இடைவெளி காப்பது கற்கரியின் உறுதி. தாவரக் கரி அச்சுமையில் நொறுங்கிவிடும். எனவே கிடைப்பது பகுதி மாற்றே. அந்தப் பகுதிக்கே மலைமலையாய் மூலப்பொருள் தேவை.

அது எங்கிருந்து வரும்? “வேளாண் கழிவிலிருந்து” என்பது ஆயத்தமான பதில். யாருக்குக் கழிவு? வங்கத்து உழவர் வீட்டில் சணல் குச்சி அடுப்பெரிக்கிறது, வேலியாகிறது, வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கூரையாகிறது. வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். எஞ்சுவதையும் அனல்மின் நிலையங்கள் கேட்கின்றன: 2025–26 முதல் எரிபொருளில் 7 விழுக்காடு தாவரத் துகள்கட்டிகள் கலக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2023இல் விதித்திருந்தது. பஞ்சாபில் வைக்கோல் வயலிலேயே எரிகிறதே என்பர். எரிகிறது, அதைத் திரட்டும் கூலியை உழவர் தலையில் சுமத்தியதால் எரிகிறது.

கழிவு போதாதபோது உலை காட்டை நோக்கித் திரும்பும். இதற்கு வரலாறு உண்டு. கம்பெனி ஆட்சியில் ஹீத் என்னும் வெள்ளையர், அரசின் முன்பணமும் தனியுரிமையும் பெற்று, சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டையில் மரக்கரி கொண்டு உருக்கினார்; கரிக்காக வெட்டப்பட்டவை சுற்றுவட்டாரக் காடுகள். கொல்கத்தாவின் மெக்கே நிறுவனம் 1855இல் பீர்பூமில் தொடங்கிய மரக்கரி ஆலையும் நிலைக்கவில்லை. பிரேசிலிலோ இன்றும் மரக்கரியில் இரும்பு உருகுகிறது. அங்கே அதன் விலை, கிராம நிலங்களை விழுங்கிய யூகலிப்டஸ் தோட்டங்களும் கரிச்சூளைகளில் அம்பலமான கொத்தடிமை உழைப்பும் ஆகும்.

புருலியா, பாங்குரா, ஜார்கிராம் மாவட்டங்களின் சால் காடுகளில் இலை பொறுக்கிப் பிழைக்கும் ஆதிவாசிப் பெண்களுக்கு இது தொலைதூரக் கதையன்று. துர்காபூர், பர்ன்பூர் ஊதுலைகள் அக்காடுகளுக்கு அருகிலேயே இருக்கின்றன. அவ்விரு ஆலைகளும் பொதுத்துறையைச் சேர்ந்தவை. உயிர்க்கரிச் சோதனை அங்கே பொதுப்பணத்தில் நடக்கட்டும். அதன் கணக்கு தொழிற்சங்கங்களின் முன் வைக்கப்படட்டும். வைக்கோலுக்கு உழவரிடம் நேரடிக் கொள்முதல் விலை அறிவிக்கப்பட வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபை இசையாத நிலத்தில், கரிக்கென ஒரு கன்றும் நடப்படக் கூடாது.