கோட்டூர் மலையில் வேலை செய்யுமா?

புதிய செயலியோ இணையச் சேவையோ வெளிவரும் நாளில் அதன் வேகத்தையும் வசதியையும் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது, எத்தனை சேவைகளை ஒரே இடத்தில் தருகிறது, செயற்கை நுண்ணறிவு இருக்கிறதா என்றெல்லாம் அலசுகிறோம். விலைக்கு வாங்கும் மென்பொருளுக்கு இந்த அளவுகோல் போதும். பிடிக்காதவர் வேறொன்றுக்கு மாறிக்கொள்வார். ரேஷன் அரிசிக்கும் கூலிக்கும் உதவித்தொகைக்கும் வாசலாக நிற்கும் மென்பொருளுக்கு அது போதவே போதாது. அந்த வாசல் திறக்காவிட்டால் போக வேறு இடமில்லை. எனவே அது வேலை செய்யாத நேரத்தில் எதிரே நிற்பவருக்கு என்ன வழி வைத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தருமபுரி மாவட்டத்தில் வைத்துக் கேட்பது பொருத்தமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது, 68.5 சதவீதம். அப்போதைய 15 லட்சம் மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவர்கள் கிராமவாசிகள். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்கள் ஒருபுறம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் மறுபுறம்.

இணையச் சேவைகளால் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பட்டா, சிட்டா நகலுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்த காலம் போய், புல எண் தெரிந்தால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்திருக்கிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் மனு எங்கே நிற்கிறது என்பது தெரிகிறது. இடைத்தரகரின் பிடி தளர்ந்ததில் மென்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், அதே மையத்தின் முன்னால் வேறொன்றும் நடக்கிறது. அரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு தாயின் ஆதாரில் இருப்பது, பெங்களூரில் கட்டட வேலை செய்யும் மகனின் கைபேசி எண். ஓடிபி அவனுக்குப் போகிறது. அது பத்து நிமிடம்தான் செல்லும். சாரத்தின் மேல் நிற்கிறவன் போனை எடுக்கவில்லை என்றால், அவருக்கு அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. இதில் மென்பொருளில் எந்தப் பிழையும் இல்லை, எழுதியபடியே இயங்கியிருக்கிறது. ஒருவருக்கு ஒரு கைபேசி, அது அவர் கையிலேயே இருக்கும் என்று நினைத்து அதை வடிவமைத்ததில்தான் பிழை.

கண்காணிப்பு இறுகினால்தான் முறைகேடு ஒழியும் என்று ஒரு வாதம் உண்டு. நூறு நாள் வேலையில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. தேசிய கைபேசிக் கண்காணிப்புச் செயலி வழியாக, பணித்தளத்திலேயே நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படமெடுத்து இடக்குறியுடன் பதிவேற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் கட்டாயமானது. காலையிலேயே வேலையை முடித்தவர்களும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் பணித்தளப் பொறுப்பாளர் அல்லாடினார். இவ்வளவுக்குப் பிறகு 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தொடர்பில்லாத படங்கள், படத்தையே படமெடுத்துப் போட்டவை, படத்தில் இருப்போர் எண்ணிக்கைக்கும் வருகைப் பதிவுக்கும் பொருத்தமின்மை எனப் பட்டியல் நீண்டது. எல்லாப் படங்களையும் ஊராட்சி அளவில் ஆள் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் உத்தரவானது. ஏமாற்ற நினைத்தவர் வழி கண்டுபிடித்துவிட்டார். மண் சுமந்தவர்தான் வெயிலில் நின்றார். கண்காணிப்பு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். செயலி தவறினால் அதன் சுமை கூலி வாங்குபவரின் தலையில் விழக் கூடாது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இதற்கு மாறான அனுபவம், பாதி அளவுக்காவது. அதற்கான விண்ணப்பப் பதிவு முகாம்களை அப்போதைய முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று இதே மாவட்டத்தின் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். ரேஷன் கடை வழியாக வீட்டுக்கே டோக்கனும் படிவமும் வந்தன. முகாமில் தன்னார்வலர் கைபேசிச் செயலியில் விவரங்களைப் பதிந்தார். தொழில்நுட்பத்தைக் கையாளும் பொறுப்பு அரசின் பக்கம் இருந்தது. பெண்கள் தங்கள் ஊரிலேயே மனு கொடுத்தார்கள். சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடியே முதலில் ஏற்கப்பட்டன. ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட், குடும்ப வருமானம் இரண்டரை லட்சம், நான்கு சக்கர வாகனம் என்று பல துறைகளின் தரவுகளோடு ஒப்பிட்டுத் தகுதி முடிவானது. ஒரே மின் இணைப்பில் அண்ணன், தம்பி இரு குடும்பங்கள் வாழும் வீட்டை அந்தத் தரவு எப்படிப் புரிந்துகொள்ளும்? நிராகரிப்புக்கான காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால், மேல்முறையீடும் இ-சேவை மையம் வழியாக, இணையத்திலேயே என்றானது. உள்ளே வரும்போது கைபிடித்து அழைத்து வந்தவர்கள், முறையிடும் நேரத்தில் பக்கத்தில் இல்லை.

இனி இந்தக் கவலையெல்லாம் வேண்டாம், குரலில் பேசினாலே புரிந்துகொள்ளும் மென்பொருள் வந்துவிட்டது என்று தொழில்நுட்ப ஆர்வலர்கள் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் நியாயம் உண்டு. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் பட்டன் போனுக்காகத் தொடங்கிய யுபிஐ 123பே, ஸ்மார்ட்போன் இல்லாதவரையும் மனதில் வைத்து வடிவமைக்க முடியும் என்று காட்டியது. தமிழில் பேசிக் கேட்டுப் பதில் பெறும் வசதி எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பெரும் விடுதலையாக அமையும்; அதை ஆவலோடு வரவேற்க வேண்டும். இருந்தும், படிக்கத் தெரியாத தடையை மட்டுமே குரல் நீக்கும். தரவில் உள்ள தவறைத் திருத்தும் அதிகாரம் அதற்கில்லை. சிக்னலையும் அது கொண்டுவராது.

சில ஆயிரம் பேருக்காக மாற்று வழியையும் ஆட்களையும் வைத்துப் பராமரிக்கச் செலவு கட்டுப்படியாகுமா என்பது கடைசி வாதம். பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏறிப் போன படங்களைத் தேர்தல் நேரத்து நாளிதழ்களில் பார்த்திருப்போம். சில நூறு வாக்குகளுக்கு இவ்வளவா என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த இயந்திரம் இணையத்தை நம்பி இயங்குவதில்லை, மின்கலத்தில் ஓடுகிறது, போட்ட வாக்கைக் காகிதச் சீட்டில் காட்டுகிறது, பழுதானால் மாற்றுவதற்கு வேறொன்று தயாராக இருக்கிறது. தவறினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே யோசித்து அமைத்த தொழில்நுட்பம் அது. வாக்குக்கு அந்த அக்கறை கிடைக்கும்போது, அரிசிக்கும் ஓய்வூதியத்துக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், எழுபது வயது கடந்தவர்களின் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருட்களோடு தராசும் விற்பனை முனையக் கருவியும் போயின. கருவி மனிதரைத் தேடிப் போக முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அடுத்து எந்த அரசுச் செயலி வந்தாலும், அதன் முதல் வெள்ளோட்டம் சென்னையில் அல்லாமல் சித்தேரியிலோ கோட்டூர் மலையிலோ நடக்க வேண்டும். கைரேகை பதியாதவர், ஓடிபி வராதவர், சர்வர் வேலை செய்யாமல் திரும்பிப் போனவர் எத்தனை பேர் என்பது ஊராட்சிவாரியாக மாதந்தோறும் வெளியாக வேண்டும். வெற்றிகரமான பரிவர்த்தனைகளை எண்ணும் மென்பொருளுக்கு இதையும் எண்ணத் தெரியும். அப்படித் திரும்பியவருக்குக் காகிதத்தில் மனு கொடுத்து அதே நாளில் ஒப்புகைச் சீட்டு பெறும் உரிமை வேண்டும். நிராகரிப்புக் குறுஞ்செய்தியில் எந்தத் துறையின் எந்தத் தரவு காரணம், அதைத் திருத்தும் அலுவலர் எந்த அலுவலகத்தில் எந்த நாளில் இருப்பார் என்ற விவரமும் தமிழில் இருக்க வேண்டும்.