கண்டம் செய்யப்படுவது கணினியா, கல்வியா?

மும்பை கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வி.ஜே.டி.ஐ., ரூயா, பொதார், கால்சா எனக் கல்விக்கூடங்கள் நெருங்கி நிற்கின்றன. சற்றுத் தொலைவில் தாராவி. நகரம் கழித்தவற்றைப் பிரித்து மீண்டும் பொருளாக்கும் இடம். பயன் தீராத ஒன்றைக் கழிவு என்று சொல்ல அங்குள்ள தொழிலாளி தயங்குவார். நாட்டின் கல்லூரி நிர்வாகங்கள் பலவும் தயங்குவதில்லை.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் கண்டப் பட்டியலில் ஏறுகின்றன. அவற்றுட் பல பழுதுபட்டவை அல்ல. டெபியன் லினக்ஸும் ஜாபிக்ஸ் அல்லது நாகியோஸும் நிறுவினால், 4 ஜி.பி. நினைவகமுள்ள கணினியே ஒரு கல்லூரியின் ஸ்விட்ச்சுகளையும் ரூட்டர்களையும் இரவுபகலாகக் கண்காணிக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஸ்.என்.எம்.பி. வழியாக எண்ணிக்கைகளைக் கேட்டுப் பதிவது பெருங்கணிப்பு அன்று. 1995இல் வெளிவந்த எம்.ஆர்.டி.ஜி. அன்றைய எளிய கணினிகளிலேயே இதைச் செய்தது.

மின்செலவு மிகும் என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை உண்டு. 60 வாட் மேசைக்கணினி ஓராண்டு ஓயாது இயங்கினால் ஏறத்தாழ 525 யூனிட் ஆகும். 15 வாட் மடிக்கணினிக்கு 131 யூனிட்டே. ஆகவே தேவை தேர்வு. ஒட்டுமொத்த நிராகரிப்பு அன்று. பேட்டரி நல்ல நிலையிலுள்ள மடிக்கணினி, மின்சாரம் நின்றாலும் எந்த ஸ்விட்ச் எப்போது அணைந்தது என்று குறித்துவைக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கும் கிங்ஸ் சர்க்கிளில் இதன் அருமை புரியும்.

பாதுகாப்பு இரண்டாம் மறுப்பு. புதிய எஸ்.எஸ்.டி., தொடர்ந்து புதுப்பிக்கப்படும் இயங்குதளம், உள்வலையமைப்பில் மட்டும் இணைப்பு, எஸ்.என்.எம்.பி. மூன்றாம் பதிப்பு, வாசிப்பு உரிமை மட்டும் என்ற ஒழுங்குகள் அதற்கு விடை. புதுக்கணினியும் இவ்வொழுங்கின்றிப் பாதுகாப்பானதாகாது.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. எஸ்.என்.எம்.பி. செய்தி வகைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் மாணவர், தம் விடுதியின் இணையம் இரவு பத்து மணிக்கு ஏன் திணறுகிறது என்று சொல்ல இயலாது நிற்கிறார். அதைக் காட்டும் வரைபடத்தை அவர் கண்டதே இல்லை. காட்டியிருக்கக்கூடிய கணினியோ எடைக்குப் போய்விட்டது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், கழிவானதை முறையாக ஒப்படைப்பதைப் பற்றிப் பேசுகின்றன. எது கழிவு என்று முடிவுசெய்யும் பொறுப்பு அதற்கு முந்தையது. அம்முடிவை எடுக்கும் குழுவில் வலையமைப்புப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் அதைப் பயிலும் மாணவருக்கும் இடம் வேண்டும். அவர்கள் சோதித்துக் கையொப்பமிடாமல் எந்தக் கணினியும் வாயிலைத் தாண்டக் கூடாது.