நீ மட்டும் யோக்கியமா?

போன பௌர்ணமி இரவு எங்கள் ஊர்க் கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை ஓரம் நின்றிருந்தேன். "இந்தப் பிளாஸ்டிக் கப்பை எல்லாரும் விட்டாத்தான் பாதை சுத்தமாகும்" என்றார் கடைக்காரர். "அண்ணே, உங்க கடையிலயே அதுலதான டீ ஊத்தறீங்க, நீங்க பேசலாமா?" என்றார் ஓர் இளைஞர். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு நின்றது. அவர் சொன்னது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை.

யுஜிசி நெட் தேர்வின் முதல் தாளுக்குப் படிக்கும் பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. வாதத்தை விட்டு ஆளைத் தாக்கும் பிழைக்கு 'ஆட் ஹோமினெம்' என்ற லத்தீன் பெயரைக் கண்டதும் மிரள்கிறார்கள். 'நீ மட்டும் யோக்கியமா' என்று சொன்னால் உடனே பிடிபடுகிறது. ஆளை ஏசுவதும், 'இதுல அவனுக்கு என்ன லாபமோ' என்பதும் அதே குடும்பம்.

பிடிபட்ட பிறகு வேறொரு சிக்கல். ஆளைப் பற்றிப் பேசினாலே பிழை என்று குறித்துவிடுகிறார்கள். சாட்சிக் கூண்டில் ஒருவர் 'என் கண்ணால் பார்த்தேன்' என்றால் நம் கையில் இருப்பது அவர் சொல் ஒன்றுதான். அவருக்குப் பகை உண்டா, முன்பு பொய் சொன்னவரா என்று வக்கீல் துருவலாம். சட்டமே அதற்கு இடம் தருகிறது. டீக்கடைக்காரரோ தன் சொல்லை நம்பும்படி யாரையும் கேட்கவில்லை. காரணம் கண்ணெதிரே குவிந்து கிடந்தது. வினாவைப் படித்ததும் சொன்னவர் பெயரை விரலால் மறைத்துப் பாருங்கள். அதன் பின்னும் காரணம் நின்றால், ஆளைத் தாக்கும் பதில் பிழை. ஒன்றும் மிஞ்சாவிட்டால் அவர் நம்பகத்தைக் கேட்பது நியாயம்.

2019 முதல் நெட் பாடத்திட்டத்தில் இந்தியத் தருக்கமும் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் மணிமேகலையின் 29ஆம் காதையை ஒருமுறை படித்துவிட வேண்டும். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10 என 33 பிழைகள். எல்லாம் கூற்றிலும் காரணத்திலும் உதாரணத்திலும் தேடப்படுபவை. பேசியவரின் வீட்டுக் கதையை அது கிளறவில்லை.

அருணகிரிநாதர் இளமையில் தடம் மாறியவர் என்றே எங்கள் ஊர் கதை சொல்கிறது. அதைக் காட்டித் திருப்புகழின் சந்தத்தைக் குறைத்துப் பேசியவரை நான் பார்த்ததில்லை. டீக்கடையில் மட்டும் ஏன் மறந்துபோகிறோம்?

தூக்கியெறியும் பிளாஸ்டிக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்தக் கடைக்காரர் சொன்னது சரி.